நீல டிக் விழுந்த பிறகு

கல்வி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். விதிகளில் சந்தேகம் வந்தால், மில்லர்புரத்தில் என் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியிலிருந்து இன்னும் கூப்பிடுவார்கள். பெரும்பாலும் தவறு நடந்து முடிந்த பிறகுதான் கூப்பிடுவார்கள்.

அன்று பிளஸ் டூ வேதியியல் செய்முறைத் தேர்வு. பிற்பகல் பிரிவைக் காலைக்கு மாற்றி, முதல் நாள் வாட்ஸ்அப் குழுவில் அறிவித்திருந்தார்கள். படிப்பு விடுமுறையில் இருந்த நகரத்துப் பிள்ளைகளை, அறிவிப்பைப் பார்த்த அம்மாக்கள் சத்தம் போட்டு அனுப்பிவிட்டார்கள். கடலோர ஊரான வேம்பாரிலிருந்து வரும் ஒரு பெண் மட்டும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பஸ்ஸில் வந்து இறங்கினாள். தேர்வு முடிந்திருந்தது.

நான் போனபோது தலைமையாசிரியர் அறையில் விசாரணை நடந்துகொண்டிருந்தது. வேதியியல் ஆசிரியை தன் செல்பேசியை நீட்டிக்கொண்டு நின்றார்.

“ஏளா, நீல டிக் விழுந்திருக்குல்லா? பாத்துட்டுப் பாக்கலன்னு சொல்லுத?”

“அது எங்கப்பா போன் டீச்சர். கடலுக்குப் போயிட்டுக் கரைக்கு வந்ததும் எல்லாத்தையும் தொறந்து மூடிருவாவ. மெசேஜ் சேந்து கெடந்தா அவியளுக்குப் புடிக்காது. படிக்கல்லாம் தெரியாது.”

“உனக்குன்னு போன் இல்லயாம்மா?” என்றார் தலைமையாசிரியர்.

“இருக்கு சார். அதுல வாட்ஸ்அப் இல்ல.”

“ஏன்?”

“அங்கன பூராம் அம்மா, சித்தி, டீச்சர்மாருதான். யாரு போவா?”

ஆசிரியையின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். எங்கள் காலத்திலும் சுற்றறிக்கை போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி கேட்போம். ஆனால் சேர்ந்தது யாரிடம் என்பதையும் பார்ப்போம். நீல டிக்கில் அந்த வசதி இல்லை.

தலைமையாசிரியர் அவளிடம் விளக்கக் கடிதம் எழுதி வாங்கலாமா என்று என்னிடம் கேட்டார்.

“வாங்கலாம். புறத்தேர்வாளர் எங்கே?”

“லேபில்தான். மதிப்பெண் பட்டியலை உறையில் போட்டுக்கொண்டிருப்பார்.”

“உறையை ஒட்டிவிட்டால் இந்தப் பெண் ஆப்சென்ட். அதற்குப் பிறகு நீங்களும் நானும் என்ன எழுதினாலும் செல்லாது. ஒட்டும்வரை அவர் அனுமதிக்கலாம். முதலில் அவளை அங்கே அனுப்புங்கள்.”

ஆசிரியைதான் முதலில் ஓடினார். பின்னால் அந்தப் பெண், அவளுக்குப் பின்னால் நாங்கள். படியில் இறங்கும்போதே தலைமையாசிரியர் கேட்டார்:

“அப்ப உங்களுக்கெல்லாம் இனி எதுலதான் சொல்ல?”

“இன்ஸ்டால சொன்னா பாப்போம் சார்.” பிறகு யோசித்துச் சொன்னாள்: “ஆனா நீங்கள்லாம் அங்கன வந்தியள்னா நாங்க வேற எடம் போயிருவோம்.”

புறத்தேர்வாளர் கையில் பசை இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பல வருடங்களுக்கு முன் நான் அவருக்கு ஏதோ ஒரு கோப்பைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும், பார்வை அப்படி இருந்தது. ஆனாலும் பட்டியலை வெளியே எடுத்தார். அவள் கைகழுவிவிட்டு பியூரெட்டை நிரப்ப ஆரம்பித்தாள்.

அவள் முடிக்கும்வரை வெளி வராந்தாவில் நின்று, ஆசிரியை, அதேபோல் நேரம் மாறியிருந்த மறுநாள் பிரிவுப் பிள்ளைகளை அவரவர் சொந்த எண்ணில் அழைத்துக்கொண்டிருந்தார். ஒருவரும் எடுக்கவில்லை.

“தெரியாத நம்பர்னா யாரும் எடுக்க மாட்டோம் டீச்சர்,” என்றாள் வெளியே வந்த பெண். “நான் எல்லாத்துக்கும் சொல்லிருதேன்.”

எதில் சொல்வாள் என்று நாங்கள் கேட்கவில்லை. மறுநாள் எல்லாரும் வந்திருந்தார்களாம்.