பத்துக் கட்டை தூரம்

எனக்குக் கை சின்னது. இருபது வருடமாக ஓசூரில் பியானோ சொல்லிக்கொடுக்கிற நான், இந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் எவ்வளவு விரித்தாலும் எட்டு வெள்ளைக் கட்டைக்கு மேல் போகாது. எட்டாவதையும் நகக்கண்தான் தொடும். அந்தக் காலத்தில் என் கடைசித் தேர்வுக்கு வந்த வெளிநாட்டுக்காரர் மதிப்பெண் தாளில், வாசிப்பு நன்று, கை சிறியது என்று எழுதிவிட்டுப் போனார். என்னமோ நான் கடையில் பார்த்து வாங்கின கை மாதிரி!

பாடல்களைச் சுருக்கி எழுதுவதுதான் என் பிழைப்பு. சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்காது, “மிஸ், அந்த ஃபேமஸ் பீஸ் எப்ப சொல்லித் தருவீங்க?” என்று பிள்ளைகள் கேட்கும். பிள்ளைகளைவிட அம்மாக்கள் அதிகம் கேட்பார்கள். முந்நூறு வருடத்துப் பெரிய மனிதர்கள் எழுதியதை உட்கார்ந்து வெட்டுவேன். கறுப்புக் கட்டை அதிகம் வராத சுருதிக்கு மாற்றுவேன். இடது கையில் நாலு சுரம் இருந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மூன்றைக் கழித்துவிடுவேன். ஆறு பக்கம் ஒரு பக்கமாகிவிடும். எதை எடுத்தாலும் பாட்டு அதே பாட்டாக இருக்க வேண்டும், கத்தரிக்காய்க் குழம்பில் கத்தரிக்காயையே எடுத்துவிடக் கூடாது. கையால் எழுதி, பாகலூர் ரோட்டு ஜெராக்ஸ் கடையில் நகல் எடுத்துக் கொடுப்பேன். அதைப் பார்த்து ஒரு பெண் “ஒந்து, எரடு, மூரு” என்று கன்னடத்தில் எண்ணிக்கொண்டே வாசிப்பாள். இந்த வேலையில் எனக்கு நிகர் இந்த ஊரில் யாரும் இல்லை என்று எனக்கு ஒரு திமிர் உண்டு.

அப்படி நான் சுருக்கியவற்றில் ஒன்று மெதுவான பாடல், கேட்டால் எல்லோருக்கும் தெரியும். அதன் நடுவில் ஓரிடத்தில் இடது கை பத்துக் கட்டை தூரத்தை ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். அடியில் ஒரு சுரம், பத்தாவதில் ஒரு சுரம், இரண்டும் ஒன்றாக விழ வேண்டும். அந்த ஓரிடத்துக்காகத்தான் அதை இயற்றியவர் பாட்டையே எழுதினார் என்பேன். எனக்கு எட்டாது. அதனால் முதலில் அடிச்சுரம், பிறகு கையைத் தூக்கிக்கொண்டு போய் மேல்சுரம் என்று பிரித்து எழுதினேன். இடையில் சின்னதாக ஒரு விக்கல் விழும். பிள்ளைகளின் கைக்கும் எட்டாது என்பதால் யாரும் ஒன்றும் கேட்டதில்லை. என்னிடம் படித்த அத்தனை பேரும் இந்த ஊரில் அந்த இடம் வந்தால் விக்குவார்கள்.

பிறகு அவர் வந்தார். தொழிற்பேட்டையில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் சிஎன்சி மெஷின் ஆபரேட்டர், ஊத்தங்கரைக்கு அந்தப் பக்கம் ஊர். அவருடைய மகள்தான் என்னிடம் படித்தாள். அவர் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருப்பார். பத்தாம் வகுப்பு வந்ததும் அந்தப் பெண் நின்றுவிட்டாள். அடுத்த வாரம் அதே நேரத்துக்கு அவர் மட்டும் வாசலில் நின்றார்.

“அவ எடத்துல நான் வரட்டுங்களா டீச்சர்? ரெண்டு வருசமா பாத்துக்கிட்டே இருந்தன், ஆசையா இருக்குது.”

முதல் ஷிஃப்ட் முடிந்து, நாலு மணிக்கு, யூனிஃபார்மோடு வருவார். முதல் நாள், கையைக் கட்டைகள் மேல் சும்மா விரித்து வையுங்கள் என்றேன். வைத்தார். எண்ணினேன். பதினொன்று! அதுவும் அலட்டிக்கொள்ளாமல், சோற்றுத் தட்டில் கை வைக்கிற மாதிரி. கையா அது, முறம். எனக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. கை விரியட்டும் என்று பதினாலு வயதில் விரல் இடுக்கில் கார்க் வைத்துக் கட்டிக்கொண்டு தூங்கியவள் நான். கடவுள் அந்தக் கையைக் கொண்டுபோய் ஒரு மெஷின் பட்டனை அழுத்துகிறவருக்குக் கொடுத்திருக்கிறார்.

“கை இருந்தாப் போதுமா தம்பி, காது வேணும்” என்றேன். பாவி மனுஷனுக்குக் காதும் இருந்தது.

அந்த மெதுவான பாடலைத்தான் அவரும் கேட்டார். எல்லோருக்கும் கொடுக்கிற அதே தாளைக் கொடுத்தேன். நாலு மாதத்தில் விக்கலோடு வாசித்தார். கம்பெனியில் ஃபேமிலி டே வருகிறது, மேடையில் வாசிக்கப் பெயர் கொடுத்துவிட்டேன் என்றார். அதற்கு இரண்டு வாரம் இருக்கும்போதுதான் வாசிப்பதை நிறுத்திவிட்டு அதைக் கேட்டார்.

“டீச்சர், ஃபோன்ல கேட்டன். இந்த எடத்துல ரெண்டும் ஒன்னா வுழுவுது. நம்ம பேப்பர்ல ஒன்னு பின்னாடி ஒன்னு வருது. எதுங்க சரி?”

அச்சிட்ட மூலப் புத்தகம் அவர் உட்கார்ந்திருந்த ஸ்டூலுக்குள்தான் இருந்தது. மூடியைத் திறந்தால் மேலாகவே கிடக்கும். அவரை எழச் சொல்லி அதை எடுக்க எனக்கு அரை நிமிடம் போதும். அவர் கை அந்தப் பத்துக் கட்டையையும் ஒரே அமுக்காக அமுக்குவதை நினைத்தேன். அதுவும் என் வீட்டில், என் பியானோவில், என் கண் முன்னால்.

“அது அவங்கவங்க ஸ்டைல். எழுதியிருக்கறது இப்படித்தான்” என்றேன்.

“அப்ப சரிங்க. எங்க மெஷின் ஷாப்ல, பார்ட்டோட டிராயிங்ல என்ன அளவோ அதான் சாமி. ஆபரேட்டர் மாத்தக் கூடாது. மெஷினுக்கு வரலன்னு மாத்துனா, இன்ன காரணத்துக்கு மாத்துனன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். அதான் கேட்டன்.” மறுபடி ஆரம்பித்து, அதே இடத்தில் ஒழுங்காக விக்கினார்.

அன்று மாலை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“அந்த ஆளுக்கு எட்டுதா?” என்றார்.

“பதினொண்ணு எட்டுது.”

“எட்டிட்டுப் போவுது, உனக்கு எங்க எரியுது?”

“எல்லா எடத்துலயும்தான் எரியுது!” என்று கத்தினேன். அவர் அடுத்த வெங்காயத்தை எடுத்தார். புரியாது. பாடத் தெரியாத ஆளுக்கு அடுத்தவர் குரல் மேல் என்ன பொறாமை வரும்? பாதி தெரிந்தவளுக்குத்தான் அந்த வியாதி.

ஃபேமிலி டே ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை அவர் உள்ளே வரும்போதே வலித்தைல வாசனை வந்தது. இடது மணிக்கட்டில் துணிப்பட்டை சுற்றியிருந்தார். மெஷினில் அடிபட்டதா என்று பதறிப்போய்க் கேட்டேன்.

“இல்லீங்க டீச்சர். அந்த எடத்துல கையத் தூக்கறப்ப சத்தம் அறுந்து போவுது. அறுக்காம வரணும்னு புள்ளயோட கீபோர்டுல தெனம் நூறு தடவ பண்றன். கை சட்டுனு போயிச் சட்டுனு வுழணும். முன்னைக்கு இப்பப் பரவாயில்லீங்க, பாருங்க.”

வாசித்துக் காட்டினார். அந்த இடம் வந்தபோது பெரிய கை எம்பிக் குதித்தது, அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். விக்கல் முன்னைவிடச் சின்னதாகியிருந்தது. எட்டுகிற கையை வைத்துக்கொண்டு, எட்டாத என் கையைப் பழகிக்கொண்டிருந்தார் அந்த மனிதர். வலிக்க வலிக்க. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை.

“எந்திரிங்க தம்பி.”

தப்பாக வாசித்துவிட்டோமோ என்று பயந்துபோய் எழுந்தார். ஸ்டூலின் மூடியைத் திறந்து புத்தகத்தை எடுத்து, பக்கத்தைப் பிரித்து, அந்த இடத்தில் விரலை வைத்தேன்.

“இதான் நீங்க கேட்ட டிராயிங். ரெண்டும் ஒன்னாத்தான் விழணும். எனக்குக் கை எட்டாது, அதனால பிரிச்சு எழுதினேன். உங்களுக்கு எட்டும்னு மொத நாளே தெரியும். தெரிஞ்சுதான் பொய் சொன்னேன். பொறாமை.”

அவர் குனிந்து, அந்த இடத்துச் சுரங்களை விரலால் தொட்டு எண்ணினார். என்னைப் பார்க்கவில்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“மாத்துனது தப்பில்லீங்க டீச்சர். எழுதாம வுட்டதுதான் தப்பு.”

அவருடைய தாளில், அந்த இடத்துக்கு மேலே, “ஆசிரியைக்குக் கை எட்டாததால் மாற்றியது” என்று எழுதினேன். கீழே கையெழுத்தும் போட்டேன். 

அவர் உட்கார்ந்து மணிக்கட்டுத் துணியை அவிழ்த்தார். முதலிலிருந்து வாசித்தார். அந்த இடம் வந்தது. கை குதிக்கவில்லை, விரிந்தது, அவ்வளவுதான். இரண்டும் ஒன்றாக விழுந்தன.

அந்தச் சத்தத்தை ஃபோனில் கேட்டிருக்கிறேன், டிவியில் கேட்டிருக்கிறேன். என் வீட்டில் கேட்டதில்லை. நான் தினமும் துடைத்து வைக்கிற அதே பியானோவுக்குள்தான் இத்தனை வருடமாக அது இருந்திருக்கிறது. பொறாமை போய்விட்டதா என்றால், ஐயோ, எங்கே போனது? இன்னும் அதிகமாக எரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது, அது எதற்கு வந்தது என்று சொல்ல நான் தயாராக இல்லை.

“இன்னொரு தடவை வாசிங்க” என்றேன். வாசித்தார்.

“இன்னொரு தடவை.”

மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “வலிக்குதுங்க டீச்சர்.”

“எனக்கும்தான் வலிக்குது. வாசிங்க.”