அலமேலுவுக்கு எண்ணெய் முழுக்கு

விளக்கெண்ணெய் காய்ந்து புகையும்போது ஒரு வாடை எழும். அது மூக்கில் நுழைந்து நேராக வயிற்றில் போய் உட்கார்ந்துகொள்ளும். பேதிக்குக் குடித்த நாட்களின் நினைப்பில் குடல் தானாகவே பிசையத் தொடங்கும். இரண்டாம் உலகப் போருக்கு முந்திய அந்த வருஷங்களில், மயிலாப்பூரிலிருந்து தேனாம்பேட்டை வழியாகச் சைதாப்பேட்டைக்குப் போன ஒரு பஸ்ஸில் ஏறியவர்கள் எல்லாரும் இந்த வாடையைக் காசு கொடுத்து முகர்ந்தார்கள். அந்தப் பஸ்ஸின் சொந்தக்காரர் என் பெரியப்பா. அவரைப் போன்ற முட்டாளை நான் பிறகு பார்த்ததே இல்லை என்று எழுதினால் பொய்யாகும். நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன், ஆனால் தம் முட்டாள்தனத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கற்பூரம் காட்டிய ஆள் அவர் ஒருவர்தான்.

மற்றவர்கள் பெட்ரோல் வண்டி ஓட்டினார்கள். பெரியப்பாவோ, கொழும்புப் பக்கம் ஏதோ தேயிலைத் தோட்டத்துக்கு உழைத்து ஓய்ந்துபோன ஒரு டீசல் லாரியை, அந்நாளில் 'குரூடாயில் வண்டி' என்று சொல்வார்கள், மலிவாகக் கிடைத்ததென்று கப்பலில் வரவழைத்து, அதன் முதுகில் மரக்கூண்டு கட்டி, 'அலமேலு' என்று பெயர் எழுதிப் பஸ் ஆக்கிவிட்டார். டிரைவருக்கு எதிரே அதில் ஒரு சிறிய கண்ணாடி வட்டம் இருந்தது. இஞ்சின் எண்ணெய் எவ்வளவு சூடாகியிருக்கிறது என்பதை அதற்குள் ஒரு முள் காட்டும். சிவப்புக் கோட்டைத் தாண்டினால் ஆபத்து. எங்கள் அலமேலுவின் முள் தேனாம்பேட்டை வருவதற்குள் கோட்டைத் தாண்டிவிடும்.

காரணம் கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டியதில்லை. கறுத்துக் கூழாகிப்போன பழைய எண்ணெயைப் பெரியப்பா ஒருநாளும் வடித்து மாற்றியதில்லை. அடியிலிருந்த எண்ணெய்த் தொட்டியைச் சுற்றிச் சேறும் பிசுக்குமாக விரல் கனத்துக்கு அப்பிக் கிடந்தது. அதன்மேல் காற்றுப் படவே வழியில்லை. ஆனால் பெரியப்பாவின் வைத்தியம் வேறு. இஞ்சினுக்கு வந்திருப்பது 'உடம்புச் சூடு' என்று அவர் முடிவு செய்தார்.

"மனுசனுக்குச் சூடு ஏறிச்சின்னா இன்னா பண்றோம்? தலைக்கு எண்ணெ வெச்சு முழுகுறோம். இஞ்சினு மட்டும் இன்னா, வானத்துலேர்ந்து குதிச்சிதா?" என்றார். விளக்கெண்ணெய்தான் எல்லாவற்றிலும் குளிர்ச்சி என்பதால், சனிக்கிழமைதோறும் ஒரு படி விளக்கெண்ணெயை இஞ்சினுக்குள் ஊற்றினார். எண்ணெய் மட்டம் பார்க்கும் அளவுக் கம்பியில் இருந்த கோட்டைத் தாண்டி எண்ணெய் எங்கேயோ ஏறிப்போயிற்று. டிரைவர் காதர் பாய் திருவல்லிக்கேணிக்காரர். முதலாளியின் பேச்சுக்குத் தலையாட்டியே தேய்ந்துபோன கழுத்து அவருடையது. அவருக்கு இதில் ஒரே ஒரு சந்தேகம் வந்தது. "முதலாளி, வண்டி பேரு அலமேலு. பொம்பளைக்குச் சனிக்கிழமை எண்ணெ வெப்பாங்களா?" பெரியப்பா திடுக்கிட்டு, இரண்டு நாள் யோசித்து, எண்ணெய் முழுக்கை வெள்ளிக்கிழமைக்கு மாற்றினார். அந்த வண்டியைப் பற்றி அவர் யோசித்தது அந்த ஒருமுறைதான்.

என் அப்பா ரங்கூனில் வேலையாக இருந்ததால் நானும் அம்மாவும் பெரியப்பா வீட்டில்தான் இருந்தோம். அவருடைய ஒரே மகள் சரோஜா அக்கா பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பில் படித்தாள். பெண்ணை அவ்வளவு தூரம் படிக்க விட்டதே தாம் செய்த தருமம் என்று நினைத்தவர் அவர். அதற்கும் ஒரு நிபந்தனை இருந்தது: "நம்ம வண்டியில போயி நம்ம வண்டியிலயே வரணும்." இறுதிப் பரீட்சையில் தேறினால் மேலே ஆசிரியைப் பயிற்சிக்கு அனுப்புவது, தவறினால் ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காத்திருந்த மாதிரிதான். அக்கா புத்தகத்தை மடியிலிருந்து இறக்காமல் படித்தாள். அவளுக்குத் துணையாக நானும் அதே பஸ்ஸில் போய்வருவேன்.

தினமும் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து அந்த முள்ளைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒருநாள் சாப்பாட்டு வேளையில் மெதுவாக, "நைனா, வெள்ளிக்கிழமைதான் முள்ளு ரொம்ப ஏறுது. எண்ணெ கூடக் கூடச் சூடும் கூடுது. கோட்டுக்கு மேல ஊத்தாதீங்க. பழசை எடுத்துட்டுப் புதுசு ஊத்தச் சொல்லுங்க" என்றாள்.

பெரியப்பா சோற்றுக் கையோடு அவளைப் பார்த்தார். "நாலு எழுத்து படிச்சிட்டு எனக்கே எண்ணெ வெக்கக் கத்துத் தரியா? முள்ளைப் பாத்துக்கினே கீறதாலதான் உனக்கு பயம் வருது."

அடுத்த வெள்ளிக்கிழமை அந்தக் கண்ணாடி முழுவதும் சந்தனத்தைக் குழைத்து அப்பி, நடுவில் ஒரு பெரிய குங்குமப் பொட்டும் வைத்தார். முள் மறைந்துவிட்டது. "பாருங்க முதலாளி, இப்போ சூடே தெரியல" என்றார் காதர் பாய். இரண்டு பேருக்கும் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

பரீட்சையின் முதல் நாளும் வெள்ளிக்கிழமையாகவே வாய்த்தது. சைதாப்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் அக்கா எழுத வேண்டும். மங்களமான நாள் என்று பெரியப்பா இரண்டு படி ஊற்றி, தாமும் கூடவே ஏறி உட்கார்ந்துகொண்டார். தேனாம்பேட்டையைத் தாண்டித் தோட்டங்கள் தொடங்கும் இடத்தில், அடியிலிருந்து கல்லை உருட்டுவதுபோல் ஒரு சத்தம் கேட்டது, புகை மண்டியது, அலமேலு நின்றது. எல்லாரும் இறங்கினோம். சாந்தோம் குப்பத்திலிருந்து சைதாப்பேட்டைச் சந்தைக்கு மீன் கொண்டுபோகும் அஞ்சலையம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, "இன்னாய்யா, வண்டிய வறுத்தே புட்டியா?" என்றாள்.

"கொஞ்சம் ஆறினா போயிடும்" என்றார் பெரியப்பா. அக்கா சாலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போது, பெரியப்பாவுக்கு ஆகாத நாயக்கர் ஒருவரின் பெட்ரோல் பஸ் பின்னால் வந்து நின்றது. நாயக்கரே முன்னால் உட்கார்ந்திருந்தார். "பொண்ணுக்குப் பரீட்சையாமே, ஏறச் சொல்லுங்க" என்றார், நல்ல மனிதராகத்தான்.

பெரியப்பாவின் முகம் கறுத்தது. "அவன் வண்டியில ஏறினேன்னா வூட்டுக்கு வராதே" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, கொதித்துக்கொண்டிருந்த எண்ணெய்த் தொட்டியின்மேல் குடத்தோடு கவிழ்த்தார். படீரென்று தொட்டி விரிசல் விட்டது. கறுப்பு எண்ணெயும் விளக்கெண்ணெயுமாகச் சாலையில் ஓடிற்று.

அக்கா அசையவில்லை. அஞ்சலையம்மாதான் அவள் முதுகில் கைவைத்துத் தள்ளினாள். "என் மீன்கூடைய அவன் ஏத்த மாட்டான், உன்னிய ஏத்துவான். உங்க நைனா வண்டிய பாத்துக்கினு இருக்கட்டும். நீ போம்மா!" அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறிவிட்டாள். பஸ் நகர்ந்ததும் திரும்பிப் பார்த்தேன். மகள் போகிற திசையை அந்த மனிதர் பார்க்கவே இல்லை. சாலையில் ஓடிய எண்ணெயைக் கொட்டாங்கச்சியால் வழித்தெடுக்கச் சொல்லிக் காதர் பாயை அதட்டிக்கொண்டிருந்தார்.

மணி அடித்தபின் போனாலும் அக்காவை உள்ளே விட்டார்கள். நான் புளியமரத்தடியில் காத்திருந்தேன். பரீட்சை முடிந்ததும் எந்தப் பஸ்ஸிலும் ஏறப் பயந்து, வெயிலில் சைதாப்பேட்டையிலிருந்து மயிலாப்பூர் வரை நடந்தே வந்தோம். வழியெல்லாம் அக்கா ஏதோ யோசனையிலேயே வந்தாள். பெரியப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குள் விடுவாரோ மாட்டாரோ என்று நான் அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவர் எழுந்து வந்து, குரலைத் தாழ்த்தி, அக்காவிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"நம்ம வண்டிய பத்தி அவன் இன்னா சொன்னான்?"

மீதிப் பரீட்சைகளுக்கும் நடந்தே போய்வந்து அக்கா தேறினாள். ஆசிரியையானாள். "நம்ம அலமேலுவுல போயிப் படிச்சவ" என்று பெரியப்பா மயிலாப்பூர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அலமேலுவோ அன்றைக்குப் பிறகு தேனாம்பேட்டையை விட்டு நகரவில்லை. அங்கேயே பழைய இரும்புக்குப் போனாள்.

இப்போது பஸ்களுக்குப் பெயர் இல்லை, எண்தான். தேனாம்பேட்டைத் தோட்டங்கள் இருந்த இடத்தில் கட்டடங்கள் நிற்கின்றன. வெள்ளிக்கிழமை எண்ணெய் முழுக்கு என் வீட்டிலேயே கிடையாது. விளக்கெண்ணெய் காயும் வாடை என் பிள்ளைகளுக்குத் தெரியாது. பெரியப்பா போய் வெகுகாலமாயிற்று. ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கும் சரோஜா அக்காவைப் பார்க்கப் போகும்போதெல்லாம் நான் அவருடைய கோமாளித்தனங்களை எடுத்துவிடுவேன்; அவளும் கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். போன மாதம் மட்டும் சிரிக்கவில்லை.

"அன்னிக்கு வழி பூரா நடந்து வரும்போது ஒண்ணே ஒண்ணுதான்டி யோசிச்சிக்கினு வந்தேன். எப்படி எழுதினேன்னு நைனா கேப்பாரு, எல்லாக் கேள்விக்கும் எழுதிட்டேன்னு சொல்லணும்னு. அப்புறமும் என்னிக்காச்சும் கேப்பாருன்னு நெனச்சேன். கடைசியில படுக்கையில கெடந்தாரே, அப்பக் கூடப் பக்கத்துலயே உக்காந்து பாத்தேன். கேக்கவே இல்லை."

அந்த ஆளைப் பற்றி வேடிக்கையாகப் பேசுவதை அன்றோடு நிறுத்திவிட்டேன். சிரிப்பதற்குக்கூட அவர் லாயக்கில்லை.