முன்னறைக் கம்ப்யூட்டர்

போன வாரம் வீட்டுக்கு வெள்ளையடித்தோம். பெயிண்டர் முன்னறைச் சுவரில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "இந்த ஓட்டைய அடைச்சுரவாக்கா?" என்றார். அடையுங்கள் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அங்கே எனக்கு ஒரு சோலியும் இல்லை.

அந்த ஓட்டையைப் போட்டது என் அண்ணன். துபாயிலிருந்து விடுப்பில் வந்தவன், மதினிக்கு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்து இன்டர்நெட் இழுத்தான். பின்னறையில் என்னுடைய பழைய கம்ப்யூட்டர் இருந்தது. டாக்டர்கள் பேசிப் பதிந்ததைக் கேட்டு டைப் அடித்து அனுப்புகிற வேலை எனக்கு. அதுவரை அனுப்புவதற்கென்றே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டருக்கு ஓடிக்கொண்டிருந்தேன். அண்ணன் சுவரைத் துளைத்து ஒரு நீல ஒயரை என் பக்கம் தள்ளினான். "ஒரு லைனு, ரெண்டு பேரு. அடிச்சுக்கிறாதீக" என்றான். முன்னறைக் கம்ப்யூட்டர் ஓடினால்தான் எனக்கு நெட் வரும். நெட்வொர்க்கைப் பற்றி இன்றைக்கும் எனக்கு அவ்வளவுதான் தெரியும்.

மதினி கேரளப் பக்கம் மலைமேல் எஸ்டேட்டில் வளர்ந்தவர்; மகளே என்பது அவர் வாயில் மோளே என்றுதான் வரும். போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கப் போவார். சாயங்காலம் வந்ததும் கை கழுவக்கூடப் பொறுக்காமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார். கீபோர்டு முழுக்க ஏலக்காய் வாசம். (இன்றைக்கும் நான் டீயில் ஏலக்காய் போடுவதில்லை.) அண்ணன் முகம் திரையில் கட்டம் கட்டமாக வரும். அந்நேரம் என் ஃபைல் நகரவே நகராது.

"மதினி, முடிஞ்சுச்சா?"

"ஒரு நிமிஷம் மோளே!"

அண்ணன் குரல் சுவரைத் தாண்டிக் கேட்கும்: "இன்னைக்கு நெட்டுக் குடுக்காம அவளப் பட்டினி போடு!"

ஒருநாள் சாயங்காலம் ஃபைலெல்லாம் பறந்தன. லைனைச் சரிபண்ணிவிட்டார்கள் போல என்று சந்தோஷமாக வெளியே வந்தேன். மதினி கழுவாத கைகளை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓங்கண்ணன் இன்னும் வரலயே மோளே."

மறுநாள் காலையில் அவனோடு தங்கியிருந்தவர் போன் செய்தார். நைட் டூட்டி முடிந்து வந்து படுத்தவன் எழுந்திருக்கவில்லையாம்.

உடம்பு வந்து, காரியமெல்லாம் முடிந்து, நான் மறுபடி வேலைக்கு உட்கார்ந்த அன்று நெட் இருந்தது. மதினி எனக்கு முந்தியே எழுந்து முன்னறைக் கம்ப்யூட்டரைப் போட்டு வைத்திருந்தார்.

"எதுக்கு மதினி?"

"ஒனக்குச் சோலி கெடக்குல்ல."

அதிலிருந்து தினமும் அப்படித்தான். சாயங்காலம் வழக்கம்போல அதன் முன்னால் உட்காருவார். திரையில் அண்ணன் பேர், லைனில் ஆள் இல்லை என்கிற சாம்பல் நிறத்தில் கிடக்கும். என் வேலை அவ்வளவு வேகமாக ஒருநாளும் நடந்ததில்லை.

வருஷம் திரும்பியதும் மதினியின் அப்பா ஜீப்பில் வந்து மலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கிளம்புமுன், கம்ப்யூட்டரை எப்படிப் போட வேண்டும், எப்படி நிறுத்த வேண்டும் என்று மதினி எனக்குச் சொல்லிக்கொடுத்தார். எனக்குத் தெரியாதது போல. நானும் தெரியாதவளாகவே கேட்டுக்கொண்டேன்.

இப்போது எங்கள் வீட்டில் ஆளுக்கொரு போன். யாரும் யாரையும் முடிஞ்சுச்சா என்று கேட்பதில்லை.

இந்தச் சித்திரையில் போனில் பேசும்போது மதினி திடீரென்று கேட்டார்: "அதுல அவுக பேரு இன்னும் தெரியுதா மோளே?"

அந்தக் கம்ப்யூட்டர் பழைய இரும்புக்குப் போய் வெகுநாளாயிற்று. அவர்கள் பேசிக்கொண்ட அந்த வசதியையே கம்பெனிக்காரர்கள் மூடிவிட்டார்கள். பேரெல்லாம் போய்விட்டது. சொன்னேன்.

அந்தப் பக்கம் மழைச் சத்தம் கேட்டது.

"சரி, ஏலக்கா மூட்டை நனையுது. வைக்கிறேன்" என்றார்.