அவசரம் லேது

திருப்பதிப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. வரிசையைக் கண்டால் கால் தானாகப் போய் அதன் வாலில் நின்றுகொள்ளும். எதற்கான வரிசை என்று பிறகுதான் கேட்போம். நான் சித்தூரில் மருந்துக்கடை வைத்திருப்பவன், பழைய மிஷன் சபைக் குடும்பம், மலையில் எனக்கு வேலையே இல்லை. இருந்தும் திருப்பதிக்குச் சரக்கு எடுக்கப் போன ஒரு நாள், வெயிலில் ஒரு வரிசையைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். தரிசன டோக்கனாக இருந்தால் எதிர்வீட்டு அக்காவுக்கு ஆகும், லட்டாக இருந்தால் எனக்கு ஆகும் என்று கணக்கு.

முன்னால் போய்க் கையை நீட்டினால் பளபளவென்று ஒரு சீட்டு வந்து விழுந்தது. தங்க ஓரத்தில் ஒரு ஆந்தை முறைத்தது. அது, படச் சீட்டுகளைச் சேர்த்துவைத்து ஆளோடு ஆள் மோதும் கார்டு விளையாட்டுக் கடை ஒன்றின் திறப்பு விழா. அன்றைக்கு வந்தவர்களுக்கு மட்டும் கொடுத்த சீட்டு, மறுபடி அச்சடிக்க மாட்டார்களாம். லட்டு வாங்கப் போனவன் விளையாட்டுக்காரன் ஆன கதை இவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் திருப்பதி பஸ் ஏறிவிடுவேன். சபையில் சீட்டு என்றால் ரம்மி என்றுதான் அர்த்தம், அதனால் வீட்டில் "ஸ்டாக் பார்க்கப் போறேன்" என்பேன். கடை மாடியில் ஆடுகிறவர்கள் பெரும்பாலும் காலேஜ் பிள்ளைகள், எனக்கு 'அங்கிள்' என்று பெயர். என் வயதில் இருந்த ஒரே ஆள் நகரியிலிருந்து வருகிற என் நண்பன், பவர்லூம் வைத்திருப்பவன். ஆட்டத்தில் எனக்குச் சுத்தமாக மூளை கிடையாது. ஆனால் ஆந்தையை இறக்கினால் எதிராளி ஒரு முறை கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார வேண்டும். அந்த இடைவெளியில் ஒரு எருமைகூட ஜெயிக்கலாம். நான் ஜெயித்தேன்.

போன வருஷம் முணுமுணுப்பு கிளம்பியது. ஆந்தையைப் போட்டியில் தடை செய்ய வேண்டும் என்றார்கள். நண்பனே ஆரம்பித்தான்.

"நீ வெயில்ல நின்னே, நான் இல்லங்கல. அன்னிக்கி நான் தறிகிட்ட நின்னுக்கினு இருந்தேன். அதுவும் நிக்கறதுதானேடா?"

"கஷ்டப்பட்டு வாங்கினதுடா."

"இன்னா கஷ்டம்? லட்டுன்னு நெனச்சி நின்னவன் நீ."

அவன் சொல்வது நியாயம் என்று தெரிந்ததுதான் பயத்தின் தொடக்கம். ஆந்தை போனால் நான் யார்? பிள்ளைகள் முன்னால் ஒவ்வொரு வாரமும் தோற்கிற வழுக்கைத்தலை. அங்கே எனக்கு இருந்த மரியாதை முழுக்க ஒரு பறவையின் முதுகில் உட்கார்ந்திருந்தது.

கடையில் முடிவு சொல்லும் ஞாயிறன்று பிரசங்கத்தில் ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. பஸ்ஸில் படபடப்புக்கு என் கடை மாத்திரையையே போட்டேன், கேட்கவில்லை. மாடிப்படியில் என்னைப் பார்த்த நண்பன், "இன்னாடா, மூஞ்சி பேயடிச்ச மாதிரி கீது?" என்றான். சிரித்துச் சமாளித்தேன். உதடு பல்லில் ஒட்டிக்கொண்டது.

கடையை நடத்தும் பெண் தெலுங்குக்காரி, கறாரானவள். ஆந்தை வைத்திருப்பவர்கள் பேசலாம் என்றாள். எனக்கு முன்னால் பேசியவன் கத்தினான், எதிர்த்தவர்கள் அதைவிடக் கத்தினார்கள், தடை இல்லையென்றால் இனி வரமாட்டோம் என்று ஒரு கூட்டம் பையைத் தூக்கியது. பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள். "அங்கிள், மீரேமண்டாரு?"

நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்கிறாள். எழுந்தேன். நான் யோசித்து வைத்திருந்தது கோழைக்கேற்ற ஒரு தந்திரம்: தடை வேண்டாம் என்று சொல்லாமல், இப்போதைக்கு அவசரமில்லை, மெதுவாகப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவது.

எனக்குப் பள்ளிக்கூடம் தெலுங்கு, வீடு தமிழ். சாதாரண நாளில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி ஒழுங்காக இருக்கும். பயம் வந்தால் ஒன்றின் சட்டையை ஒன்று மாட்டிக்கொள்ளும். ஆந்தைச் சீட்டைத் தூக்கிக் காட்டி, நடுங்குகிற குரலில், தமிழ் நினைப்பைத் தெலுங்கு வாயில் வைத்துச் சொன்னேன்:

"அவசரம் லேது."

தமிழில் அவசரம் என்றால் பரபரப்பு. தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. சீட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, 'இது தேவையில்லை' என்று கூட்டத்துக்கு அறிவித்திருக்கிறேன்.

கைதட்டல். கத்தியவன் வெட்கப்பட்டு உட்கார்ந்தான். பையைத் தூக்கியவர்கள் கீழே வைத்தார்கள். கடைக்காரப் பெண் கண் கலங்கி, "பெத்த மனசு அங்கிள்" என்றாள். பெரிய மனசாம். ஆந்தைக்குத் தடை, அந்த இடத்திலேயே.

இல்லை, நான் சொல்ல வந்தது வேறு என்று திருத்தியிருக்கலாம். தூக்கிய சீட்டோடு அப்படியே நின்றேன். கைதட்டுகிற கூட்டத்தைப் பார்த்து இவ்வளவு நடுங்கிய மனிதன் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன். கூட்டத்தில் ஒருவன் மட்டும் கைதட்டாமல், குனிந்து, தன் சீட்டுகளைக் கலைத்துக்கொண்டிருந்தான். நகரிக்காரன். அவனும் என்னைப் போல இரண்டு மொழியில் வளர்ந்தவன்.

முதல் ஆட்டமே அவனோடு விழுந்தது. ஆந்தை இருந்த இடத்தில் ஏதோ ஒரு சாதாரணத் தவளையை வைத்திருந்தேன். கோழி உரிப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதனால் விவரிக்கவில்லை. போகிறபோது பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து எனக்குக் கைகொடுத்தார்கள். என் கை ஈரமாக இருந்தது.

பஸ் ஸ்டாண்டில் நகரி பஸ் முன்னால் நின்றது. படியில் கால் வைத்தவன் திரும்பினான்.

"டேய், அப்புறமா பாத்துக்கலாம்னுதானே சொல்ல வந்தே?"

"தெரிஞ்சிக்கினே சும்மா இருந்தியா?"

"எனக்கு அந்த ஆந்தை போவணும்டா. ஆனாலும் நீயே வாயத் தொறந்து, 'மாத்தி சொல்லிட்டேன்'னு சொல்லுவியான்னு பாத்தேன். நீ இன்னாடான்னா மாலைக்குக் கழுத்த நீட்டிக்கினு நிக்கற."

"பசங்ககிட்ட சொல்லிடுவியா?"

பஸ் நகர்ந்தது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, ஸ்டாண்டு முழுக்கக் கேட்கும்படி கத்தினான்.

"அவசரம் லேதுடா!"

தமிழ் அவசரமா, தெலுங்கு அவசரமா, எந்த மொழியில் சொன்னான் என்று தெரியாமல் ஒவ்வொரு ஞாயிறும் மாடிப்படி ஏறிக்கொண்டிருக்கிறேன்.