தெரோனின் தட்டு

அந்தக் குடும்பத்தில் முப்பது வருஷமாக வெர்லீனுக்கு ஒரே வேலைதான்: பானத்துக்கு ஐஸும், கூடப் பன்னும். நவம்பர் பிறந்ததும் அக்கா ஒடெஸா ஃபோனை எடுத்துவிடுவாள். நன்றி நாள் விருந்துக்கு யார் காலர்ட் கீரை, யார் மக்ரோனி, யார் சர்க்கரைவள்ளிக்கிழங்கு பை என்று பிரித்துக் கொடுத்துவிட்டுக் கடைசியில் தங்கையிடம் வருவாள்.

"நீ ஐஸும் பன்னும் கொண்டு வா. பன்னு கடையில வாங்கினதா இருக்கட்டும். சுட்டுகிட்டு வந்து நிக்காத."

அவர்கள் ஊரான ஹார்லன் க்ரீக்கில் அதற்கு என்ன அர்த்தம் என்று குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். கை ருசி இல்லாதவர்களுக்குத்தான் ஐஸ்.

மார்ச்சில் ஒடெஸாவுக்குப் பக்கவாதம் வந்தது. மூன்றே நாளில் போய்ச் சேர்ந்தாள். அக்டோபர் கடைசியில் அவள் மகள் ஷனீஸ் மெல்லப் பேச்சை ஆரம்பித்தாள்.

"சித்தி, இந்த வருஷம் ஏதாவது ஹோட்டலுக்குப் போயிடலாமா? யாருக்கும் சிரமம் இருக்காது."

"உங்கம்மா எழுந்து வந்து என்னை உதைப்பா. நான் பண்றேன்."

"நீங்களா?" என்று கேட்ட ஷனீஸ் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சரி. அப்ப ஐஸ் நான் கொண்டு வரேன்."

வெர்லீனுக்கு ஐம்பத்தொன்பது வயது. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறாள். பின்னால் நாற்பது பிள்ளைகள் கூச்சல் போட்டாலும் யார் யாரைக் கிள்ளுகிறார்கள் என்று திரும்பாமலே சொல்லிவிடுவாள். இருபத்திரண்டு பேருக்குச் சமைப்பதைப் பற்றி அவளுக்குப் பயமில்லை. அவள் பயந்தது ஒரு தட்டுக்கு.

செவ்வாய்க்கிழமை அக்காவின் சமையலறையில் அலமாரியைத் திறந்தபோது மேல் அடுக்கில் அது தனியாக இருந்தது. நீலக் கரை போட்ட பீங்கான், விளிம்பில் சின்னதாக ஒரு உடைசல். அடியில் பழுத்துப்போன ஒட்டுத்தாளில் ஒடெஸாவின் கையெழுத்து: ஒடெஸா. சாப்பாட்டுப் பாத்திரம் வெளியே போகிறதென்றால் அடியில் சொந்தக்காரர் பெயரை ஒட்டியனுப்புவது இந்தப் பக்கத்து வழக்கம். பெயர் இல்லாத பாத்திரம் வீடு திரும்பாது.

அதே தட்டுதான். இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால், அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது, தம்பி தெரோனின் கையிலிருந்து வெர்லீன் பிடுங்கிய தட்டு. அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்த சனிக்கிழமை, அவன் கேட்காமல் அம்மாவின் காரை எடுத்துக்கொண்டு கால்பந்து பார்க்கப் போயிருந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வீட்டில் வேறு வண்டி இல்லை. தேவாலயத்துக் கூடத்தில் அத்தனை பேர் முன்னாலும் வெர்லீன் சொன்னாள்: "கீழ வை. அம்மா பேரைச் சொல்லி ஒரு வாய்கூட நீ சாப்பிடக் கூடாது." அவன் வெளியே போனான். பிறகு அவனைப் பற்றித் தகவலே இல்லை. டெட்ராய்ட் என்றார்கள். செத்துவிட்டான் என்றும் சொன்னார்கள்.

அடுத்த வருஷத்து நன்றி நாளிலிருந்து ஒடெஸா ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். ஜெபத்துக்கு முன்னால் முதல் பரிமாறல் நீலக் கரைத் தட்டில் விழும். அலுமினியத் தாள் போட்டு மூடி அடுப்பு மேல் வைப்பாள். யாரும் கேட்கமாட்டார்கள். எல்லாரும் தொலைக்காட்சி முன்னால் சாயும் நேரத்தில் தட்டு காணாமல் போகும். குழந்தைகள் அதைப் பேய்த் தட்டு என்றார்கள். ஒடெஸா பின்வாசலில் நாய்க்குப் போடுகிறாள் என்று வெர்லீன் நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்துக்கொள்வது சுலபமாக இருந்தது. ஒரு வருஷம்கூட அக்கா அவளைக் குறை சொல்லவில்லை. தட்டை மட்டும் நிரப்பினாள்.

பிடுங்கின கையாலேயே அதை எப்படி நிரப்புவது?

புதன்கிழமை, வான்கோழியோடு வைக்கும் டிரெஸ்ஸிங்குக்குச் சோளரொட்டியை உதிர்த்தாள். வெங்காயம், செலரி, கோழிச்சாறு எல்லாம் சேர்த்தாள். முட்டை ஊற்றுவதற்கு முன்னால் ஒரு விரல் எடுத்து ருசி பார்க்கவேண்டும். வாசனைக்குப் போடும் சேஜ் இலைத்தூள் பற்றாது என்று பட்டது. இன்னும் கொஞ்சம் போட்டாள். அப்போதும் பற்றவில்லை. பின்னால் யாரோ மூச்சு விடுவதுபோல் இருந்தது. திரும்பினால் அக்காவின் ஏப்ரன் கதவில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றவும் முடியவில்லை, கட்டிக்கொள்ளவும் முடியவில்லை.

வியாழன் மதியம் ஒரு மணிக்கு எல்லாரும் கைகோர்த்து வட்டமாக நின்றார்கள். பன்றித்தொடை, வான்கோழி, கீரை, மக்ரோனி, பை எல்லாம் வந்துவிட்டன. ஜெபம் தொடங்காமல் ஒரு கணம் இழுத்தது. வெர்லீன் நிமிர்ந்து பார்த்தாள். இருபத்தொரு பேரும் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுப்பு மேல் ஒன்றுமில்லை.

"ஜெபம் பண்ணுங்கப்பா, ஆறிடும்" என்றாள்.

சாப்பிட்டார்கள். கீரையைப் புகழ்ந்தார்கள், பையைப் புகழ்ந்தார்கள். டிரெஸ்ஸிங்கைப் பற்றி ஷனீஸின் கணவன் மட்டும் வாயைத் திறந்தான்: "சித்தி, இது நல்லா ஈரமா இருக்கு." ஷனீஸ் மேஜைக்கடியில் அவன் காலை மிதித்தாள். மிதித்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

இரண்டு மணிக்குப் பின்கதவு தட்டப்பட்டது. தேவாலயத்து டீக்கன் ஓசேயா, அடுத்த வீட்டுக்காரர். எழுபத்தெட்டு வயது. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு படியில் நின்றார்.

"தட்டு ரெடியா வெர்லீன்?"

"எந்தத் தட்டு?"

"ஒடெஸா உங்கிட்ட சொல்லவே இல்லையா? ஹூம். அவ சொல்லமாட்டா. தெரோன் தட்டும்மா. வருஷா வருஷம் நான்தானே கொண்டு போறேன்."

வெர்லீன் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். "எங்க கொண்டு போறீங்க?"

"ஆத்துக்கு அந்தாண்ட. பதினெட்டு மைல். மரமில்லுக்குப் பின்னாடி ஒரு ட்ரெய்லர் வீட்டுல இருக்கான். ஒரு வருஷம் டெட்ராய்ட்ல இருந்து பார்த்தான். குளிர் தாங்கலன்னு திரும்பிட்டான்."

பதினெட்டு மைல். அவளுடைய பேருந்து தினம் இரண்டு வேளை அந்த ஆற்றுப் பாலத்தடியில்தான் திரும்புகிறது.

"அக்கா போனது அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாம? அடக்கத்தன்னிக்கு ரோட்டுக்கு அந்தப் பக்கம் என் வண்டியிலதான் உக்காந்திருந்தான். இறங்குடான்னேன். வெர்லீன் நிக்கிறாளேன்னான்."

அவள் உள்ளே போனாள். அலமாரியிலிருந்து தட்டை எடுத்தாள். முன்னறையில் தொலைக்காட்சி ஆட்டத்தின் சத்தம் யாரோ குறைத்ததுபோல் சட்டென்று அடங்கியது. பன்றித்தொடை ஒரு துண்டு, கீரை, மக்ரோனி. டிரெஸ்ஸிங் கரண்டி வந்ததும் கை நின்றது. போடாமல் விட்டுவிடலாம். போட்டாள், இரண்டு கரண்டி. அலுமினியத் தாளை இழுத்து மூடியபோது தாள் இரண்டு இடத்தில் கிழிந்தது.

"இதை யார் செஞ்சதுன்னு அவன்கிட்ட சொல்லாதீங்க" என்றாள்.

"நான் வண்டி ஓட்டறவன். சமையல் விவகாரம் எனக்கெதுக்கு?"

அவர் திரும்பி வர ஐந்து மணி ஆகிவிட்டது. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். ஷனீஸ் மட்டும் சித்தியோடு பின்படியில் உட்கார்ந்திருந்தாள். வண்டி நின்றதும் வெர்லீன் அதன் அந்தப் பக்கத்துக் கதவைத்தான் பார்த்தாள். அது திறக்கவில்லை. டீக்கன் தனியாகத்தான் வந்தார்.

"எப்பவும் ஒரு வாரம் கழிச்சுத்தான் தட்டைக் குடுப்பான். இன்னைக்கு என்னை உக்காரவச்சு, கழுவிக் கையோட குடுத்துட்டான்."

"சாப்பிட்டானா?"

"துளி வைக்கல. நான் வாயே திறக்கல, வெர்லீன். முதல் வாய் வச்சதும் அவனே நிறுத்தினான். சேஜ் இப்பவும் பத்தலன்னான். அப்புறம் பேனா இருக்கான்னு கேட்டான்."

வெர்லீன் தட்டைத் திருப்பினாள். பழைய ஒட்டுத்தாள் சுரண்டி எடுக்கப்பட்டிருந்தது. அதே இடத்தில் புதிதாக ஒன்று. எழுத்து கோணலாக, அழுத்தமாக இருந்தது: வெர்லீன்.

"வரேன்னு ஏதாவது சொன்னானா?"

"அதெல்லாம் சொல்லல."

ஷனீஸ் எட்டிப் படித்துவிட்டுத் தலையைச் சித்தியின் தோளில் வைத்துக்கொண்டாள். அன்று அந்தத் தட்டு அலமாரிக்குப் போகவில்லை. அடுப்பு மேலேயே இருந்தது.

திங்கட்கிழமை காலை பேருந்து வழக்கம்போல் பாலத்தடிக்கு வந்தது. வெர்லீன் திருப்பாமல் நிறுத்தினாள். ஆற்றின் மேல் பனி. அக்கரையில் மரமில்லின் புகைபோக்கி மட்டும் தெரிந்தது. பின்னால் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது.

"மிஸ் வெர்லீன், யாருக்காக நிக்கிறோம்?" என்றது ஒரு குரல்.

அவள் இன்னும் ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு வண்டியைத் திருப்பினாள். வளைவு வரும் வரை கண்ணாடியில் பாலம் தெரிந்துகொண்டே இருந்தது.