புகாரே வராத மெக்கானிக்

லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் உழைத்தும், வேலையே பார்க்காதவர் என்று கணினியால் ஐயந்திரிபற நிரூபிக்கப்பட்டவர் அவர். நகக்கண்ணில் எப்போதும் கறுப்பு இருப்பதால் ‘கிரீஸ்’ என்று பெயர். கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

அவர் பொறுப்பில் பதினாலு கட்டடங்கள். மாதம் ஒருமுறை போவார். பிரேக்கைப் பார்ப்பார், கதவு உருளைகளைத் தேய்வதற்கு முன்பே மாற்றிவிடுவார். லிஃப்ட் சுவரில் காது வைத்து, “தொண்டை கட்டியிருக்கு” என்று சொல்லி எண்ணெய் விடுவார். இவ்வளவு அட்டூழியமும் செய்ததன் பலன், பதினாலு கட்டடத்திலிருந்தும் ஒரு புகார்கூட வரவில்லை.

அந்தச் சமயம் பார்த்துத்தான் கம்பெனிக்கு வாடிக்கையாளர் திருப்தியை அளக்கும் ஆசை வந்தது. புகார் கொடுத்தவருக்கு, பழுது சரியானதும் போனில் ஐந்து நட்சத்திரங்கள் வரும், மனம்போல் அமுக்கலாம். புகாரே கொடுக்காதவர் திருப்தியாக இருக்கிறாரா என்று கேட்க வழியில்லை. ஆகவே அவர் திருப்தியாக இல்லை.

மேலாளர் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“அண்ணே, மூணு மாசமா உங்க பேருக்கு நேரா சைபர்.”

“புகார் வரலியே சார்.”

“அதைத்தான் நானும் சொல்றேன். ஜனங்க உங்களைக் கூப்பிடவே மாட்டேங்கறாங்க. ஏன்னு என்னைக்காவது யோசிச்சீங்களா?”

கிரீஸ் உண்மையாகவே யோசித்தார்.

“மாசக் கடைசிக்குள்ள ஒரு அஞ்சு நட்சத்திரமாவது வாங்கிடுங்க. ஆள் குறைக்கச் சொல்லி மேலிடத்துல லிஸ்ட் கேக்கறாங்க. என் கையால உங்க பேரை எழுத வெக்காதீங்க.”

அதே வாரம் சிறந்த ஊழியர் கேடயம் ‘ராக்கெட்’ என்பவருக்குப் போனது. ராக்கெட்டின் லிஃப்டுகள் வாரத்துக்கு இரண்டு தடவை நிற்கும்; பத்து நிமிஷத்தில் ஆள் வந்து நிற்பார். உள்ளே வியர்த்து நிற்பவனுக்குக் கதவைத் திறப்பவன் கடவுள் அல்லவா? கடவுளுக்கு யார் நாலு நட்சத்திரம் போடுவார்கள்?

கிரீஸுக்கு வயது ஐம்பத்துமூன்று. மகள் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருஷம்.

“ஊரே கழட்டி மாட்டித்தான் பேர் வாங்குது. மாட்டினதைக் கழட்டவே மாட்டேன்னு நீங்க மட்டும் விரதம் இருந்தா எப்படி?” என்றாள் மனைவி.

ஒரு வியாழக்கிழமை மூன்று மணிக்கு, எட்டு மாடிக் கட்டடம் ஒன்றில், லிஃப்டுக்குள் யாருமில்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, கதவு சென்சாரின் ஒயரைக் கழற்றினார். லிஃப்ட் தரைத்தளத்தில் வாயைத் திறந்தபடி நின்றது. எதிர் டீக்கடையில் போய் உட்கார்ந்து, போனை முழங்கால்மேல் வைத்துக்கொண்டார்.

புகார் போகத்தான் செய்தது. ஆனால் அதிக நட்சத்திரம் உள்ளவருக்கே புகாரை அனுப்ப வேண்டும் என்று கம்பெனி புதிதாக முடிவெடுத்திருந்தது. அதனால் அது ராக்கெட்டுக்குப் போயிற்று. அவரோ நகரத்தின் மறுகோடியில் இன்னொரு கதவைத் திறந்துகொண்டிருந்தார். இதெல்லாம் கிரீஸுக்குத் தெரியாது. எழுந்து போய் ஒயரை மாட்டியிருக்கலாம். அழைப்பு வராமல் மாட்டினால் கணக்கில் சேராதே. இன்னும் பத்து நிமிஷம் பார்க்கலாம் என்று மூன்றாவது டீ சொன்னார்.

நாலே கால் மணிக்கு மனசு கேட்காமல் உள்ளே போனார். மூன்றாம் மாடிக்கு மேல் படியில், ஆறாம் மாடி அம்மா கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். மாதாமாதம் இவருக்குத் தண்ணீர் கொடுப்பவர். இரண்டு முழங்காலும் மடங்காது.

“எங்க வீட்டு அய்யா திங்கக்கிழமைலேருந்து ஆஸ்பத்திரில இருக்கார் தம்பி. நாலுலேருந்து நாலரை வரைக்கும்தான் பாக்க விடுவாங்க. நேரமாயிடுச்சேன்னு உக்காந்து உக்காந்து இறங்கறேன்.”

ஓடிப்போய் ஒயரை மாட்ட ஒரு நிமிஷம் ஆயிற்று. லிஃப்டில் இறக்கி, வண்டி பிடித்து, கூடவே போனார். சேர்ந்தபோது நாலு ஐம்பது. வாசலில் இருந்த காவலாளி விதிமுறையை நன்றாகப் படித்தவர். விடியற்காலை அய்யா இறந்துபோனார்.

மறுவாரம் அந்த அம்மாவைப் பார்க்கப் போனார்.

“அன்னிக்கு அந்த லிஃப்ட்...” என்று ஆரம்பித்தார்.

“அன்னிக்கு நீ வரலேன்னா நான் படியிலேயே கிடந்திருப்பேன்” என்றார் அம்மா. “போன்ல புகார் சொன்னதுலேருந்து உங்க கம்பெனிக்காரங்க என்னமோ நட்சத்திரம் கேட்டு உசிரை வாங்கறாங்க. எழுத்தே தெரியல. உன் பேருக்கு நீயே போட்டு, நாலு வார்த்தை நல்லதா எழுதிடுப்பா.”

போனை நீட்டினார். பழுது நீக்கியவர் என்ற இடத்தில் கிரீஸ் தன் பெயரை எழுதினார். ஒரு நட்சத்திரத்தை அமுக்கினார். கீழே இருந்த பெட்டியில், “ஒயரைக் கழற்றியது நான்தான். ஒரு மணி நேரத்துக்கு மேல் எதிர்க்கடையில் உட்கார்ந்திருந்தேன்” என்று எழுதினார்.

“போட்டுட்டியா?”

“போட்டுட்டேம்மா.”

போனை அம்மா கையில் கொடுத்தார்.

அந்தப் பெட்டியைக் கம்பெனியில் யாரும் படிப்பதில்லை, நட்சத்திரத்தைத்தான் எண்ணுவார்கள். ஒன்று என்றிருந்தது. ‘வாடிக்கையாளர் அதிருப்தி’ என்று கடிதம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பதினாலு கட்டடமும் இப்போது ராக்கெட்டிடம். சைபராக இருந்த புகார் மாதம் நாற்பதாகி, நாற்பதும் உடனுக்குடன் தீர்க்கப்பட்டு, கம்பெனியின் செயல்திறன் கோடு கூரையை முட்டுகிறது.

ஆறாம் மாடி அம்மா அவ்வளவாக இறங்குவதில்லை. இறங்கிப் போய்ப் பார்க்க ஆளில்லை. போன மாதம் பழுது பார்க்க வந்த ராக்கெட்டிடம், “அந்தத் தம்பிக்கு நல்லதா எழுதச் சொன்னேனே, பெரிய வேலைக்கு மாத்திட்டாங்களா?” என்று கேட்டாராம்.

வாடிக்கையாளர் மனம் கோணக்கூடாது என்பது ராக்கெட்டின் பாடம். “ஆமாம்மா” என்று சொல்லிவிட்டு, தன் நட்சத்திரத்தைப் போட்டுக்கொள்ள, போனை எடுத்துத் தரச் சொன்னார்.