தனகோட்டி முறுக்கிய நட்டு

தனகோட்டிக்குக் கோபம் வந்தால் அடுத்த பிளாக்கில் பால் வாங்க நிற்பவர்களுக்கும் கேட்கும். குடும்ப நிலம் நிலக்கரி மைன்ஸுக்குப் போய், அங்கேயே பதினோரு வருஷம் கான்ட்ராக்டில் அல்லாடி, அப்புறம் பர்மனென்ட் ஆன ஃபிட்டர் அவர். அந்தப் பதினோரு வருஷமும் யார் யார் முன்னாலோ கைகட்டி நின்றவர். தன் பிள்ளை எவனிடமும் கெஞ்சி நிற்கக் கூடாது என்பது அவருடைய வைராக்கியம்.

மகள் அருள்மொழிக்குச் சேத்தியாத்தோப்பில் ஒரு லேபில் வேலை கிடைத்தது. வேலை முடிந்து இருட்டில் தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு வர வேண்டும். தனகோட்டி ஒரே போடாகப் போட்டார்.

"நீயே ஸ்டெப்னி மாத்தற வரைக்கும் சாவி கெடையாது. நடு ரோட்டுல நின்னுகினு எவன் தயவையும் எதிர்பாக்கக் கூடாது."

திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். ஞாயிறு காலை குவார்ட்டர்ஸ் வாசலில் பாடம் ஆரம்பமானது. முதலில் நட்டைத் தளர்த்து, அப்புறம்தான் ஜாக்கி என்றார். அருள்மொழி ஸ்பேனரை மாட்டி இழுத்தாள். ஏறி மிதித்தாள். ம்ஹூம், நாலு நட்டில் ஒன்றுகூட இம்மி நகரவில்லை.

"சோறுதான திங்கற? மிதிடி!"

"மிதிச்சிகினுதான் இருக்கறேன்!"

"இந்த லட்சணத்துல இவ சேத்தியாத்தோப்பு போறாளாம்! ஒண்ணும் வேணாம், வூட்லயே கெட."

எதிர்வீட்டு அய்யாசாமி பேப்பரை இறக்கிப் பார்த்தார். "என்னா சார், சினிமாவா ஓடுது?" என்று தனகோட்டி அவர்மேலும் பாய்ந்தார். அருள்மொழியின் உள்ளங்கை கன்றிப்போயிருந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி மிதித்தாள்.

"தள்ளு!" என்று மகளை விலக்கிவிட்டு அவரே மிதித்தார். அவருக்கும் அது மசியவில்லை. ஆத்திரத்தோடு டிக்கியிலிருந்து நாலடி இரும்புக் குழாயை எடுத்தார். ஸ்பேனர் பிடியில் அதைச் சொருகி நுனியில் ஏறி நின்றார். மைன்ஸில் பெரிய மெஷின்களின் நட்டுகளை அப்படித்தான் கழற்றுவார், அப்படித்தான் முறுக்குவார். டப்பென்று ஒரு சத்தம். போல்ட்டே முறிந்து நட்டோடு தெறித்து விழுந்தது.

"எந்தப் பாவி இத முறுக்கனது?"

"நீதாம்ப்பா." அருள்மொழி குழாயைக் காட்டினாள். "போன மாசம் டயர மாத்தி மாட்டனப்ப நாலு சக்கரத்துக்கும் இதே கொழாயப் போட்டு ஏறி நின்ன. இது என்னா மைன்ஸ் மெஷினா? காருப்பா! அந்த ரோட்டுல பஞ்சராகி நின்னிருந்தா நான் என்னா பண்ணியிருப்பேன்? போற வர்றவன் கிட்டதான கெஞ்சியிருப்பேன்?"

தனகோட்டி முறிந்த போல்ட்டைப் பொறுக்கிக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். மகளை எவனிடமும் கெஞ்ச விடக் கூடாதென்று நினைத்த மனுஷன், அவள் கெஞ்சி நிற்க வழி பண்ணி வைத்தது தானேதான் என்பது அவருக்குச் சுரீரென்று உறைத்தது.

மத்தியானத்துக்குள் புது போல்ட் போட்டு, நாலு சக்கரத்திலும் மீதி நட்டுகளையும் வேர்வை சொட்டச் சொட்டத் தளர்த்திக் கொடுத்தார். எல்லாவற்றையும் அருள்மொழியே தன் கைபலத்துக்கு முறுக்கினாள், கழற்றினாள், மறுபடி முறுக்கினாள்.

"இன்னும் கொஞ்சம்..." என்று குழாயைத் தொட்டார்.

"அத வையி கீழ!"

வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை அவள் சாவியைக் கேட்கவில்லை. ஆணியிலிருந்து அவளே எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.